பார்சல் போடுதேன் மருமவனே, பதறாத

மருமவனே,

காமிராவைப் பார்சல்ல போட்டு விடுங்க மாமான்னு இந்த வாரத்துல நாலாவது தடவையா போன் பண்ணிட்ட. போடுதேன். போடாம எங்க போவேன்? பொங்கல் முடிஞ்சு மெட்ராசுக்குப் பஸ் ஏறுத அவசரத்துல சார்ஜரை ஞாபகமா எடுத்துப் பையில வச்சுக்கிட்டு, காமிராவை மச்சுல விட்டுட்டுப் போனது நீ. கல்யாணத்துக்குத் தாலியை மறந்துட்டுத் தாம்பூலப் பையோட வந்தவன் கதைதான். உன் சாமானை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு. அதுல ஒண்ணுல ஆபரேஷன் பண்ணிப் புது லென்சும் வச்சாச்சு. அதுக்கு மேல ஒரு லென்ஸ் எதுக்கு?

பார்சல் கட்ட நல்ல அட்டைப்பெட்டி ஒண்ணு வேணும்லா. அது கிடைக்கற வரைக்கும் சும்மா இருக்காண்டாமேன்னு நாலு வார்த்தை எழுதுதேன். போன்ல சொன்னா ‘சரி மாமா, சரி மாமா’ன்னு சொல்லிக்கிட்டே பக்கத்துல வேற யார்கிட்டயோ பேசுத.

முதல்லயே சொல்லிருதேன், காமிராவை நான் தொடல. தூசி படியுதேன்னு ஒரு நாள் வேட்டித் தலைப்பால துடைச்சேன், அவ்வளவுதான். துடைக்கைல சுவிட்சு அமுங்கிட்டு. ஓட்டுக்குள்ள இருந்து ஆமை தலையை நீட்டுத மாதிரி லென்ஸ் வெளிய வந்து என்னைப் பாத்துது. வந்தவனை விரட்டவா முடியும்? அப்படித்தான் நீ நாலு நாள்ல எடுத்த 1,163 படத்தையும் பாக்க வேண்டியதாப் போச்சு. உங்க அத்தையும் அரிசி புடைக்கறதை நிறுத்திட்டு வந்து பாத்தா.

உடைமரத்து உச்சியில வெள்ளைக்கொக்குன்னு 47 படம் எடுத்திருக்க. மூணு நாளா ஒரே கொப்புல ஒரே பக்கம் பாத்து ஒரு கொக்கு எப்படி ஒக்காந்திருக்கும்னு உனக்கு ஒரு சந்தேகமும் வரலை பாரு, அந்த வெள்ளை மனசு எனக்குப் பிடிச்சிருக்கு. அது பாலிதீன் பை, மருமவனே. தீவாளிக்கு முந்தி காத்துல போய் மாட்டினது. ஆனா குறை சொல்லப்பிடாது, பையோட ரெண்டு காதும் துல்லியமா விழுந்திருக்கு.

இந்த லட்சணத்துல ‘நாப்பது மடங்கு ஜூம் பத்தல மாமா, இதை வித்துட்டுப் பெருசா வாங்கப் போறேன்’ங்குத. வாங்கு. நிக்கான்காரன் 2015-ல பி900-னு ஒண்ணு விட்டான், 83 மடங்கு. அதுவும் பத்தாதுன்னு 2018-ல பி1000 விட்டான், 125 மடங்கு. எடை ஒண்ணரைக் கிலோவுக்கு நூறு கிராம் குறையும். உன் தண்ணி பாட்டிலையே உங்க அத்தைதான் கொளத்தங்கரை வரைக்கும் சுமந்தா. அதையும் அவளே சுமப்பான்னு நினைச்சிருப்ப போல. கேட்டுப் பாரு. கேக்கும்போது அரிவாமணை பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்துக் கேளு.

நாப்பது மடங்குன்னா கண்ணுல தெரியறதை விட நாப்பது மடங்கு பெருசா தெரியும்னுதானே நினைச்சுக்கிட்டு இருக்க? கடைக்காரன் அப்படித்தான் சொல்லியிருப்பான், அவனுக்கும் பிழைப்பு ஓடணும். லென்ஸ் சுருங்கிக் கிடக்கைல 24 மில்லி கணக்கு, முழுக்க நீண்டா 960 மில்லி. 24-ஐ நாப்பதால பெருக்கு, 960. அதுதான் அந்த நாப்பது. கண்ணுப் பார்வைக்குச் சமம்னு எங்க ஸ்டூடியோத் தொழில்ல 50 மில்லியைச் சொல்லுவோம். அதை வச்சு வகுத்தா பத்தொன்பது மடங்குதான் வருது. பத்தொன்பதும் லேசுப்பட்டது இல்ல. 20 மீட்டருக்கு அங்கன நிக்கறதை முழு ஜூம்ல பிடிச்சா, படத்தோட அகலத்துக்குள்ள முக்கால் மீட்டர்தான் அடங்கும். உங்க அத்தையை வாய்க்கா மேட்டுல நிறுத்தி, கையில டேப்பை விரிச்சுப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். அதாவது மனசால அளந்தேன்.

அந்தக் கணக்குல உன் படங்களைப் பாரு. கூந்தன்குளத்துக்கு மாரிக்காலம் முடியறப்போ வரித்தலை வாத்து வருதுல்லா, இமயமலையைத் தாண்டி, திபெத்து மங்கோலியாப் பக்கம் இருந்து? அவ்வளவு தூரம் அது வந்திருக்கு, நீ இன்னும் முன்னூறு மீட்டர் கரையைச் சுத்திப் போகச் சோம்பல்பட்டு மறுகரையில இருந்தே எடுத்திருக்க. 400 மீட்டர்ல படத்தோட அகலம் 15 மீட்டர். வாத்து நீளம் முக்கால் மீட்டர். இருபதுல ஒரு பங்கு. அதுவும் காலைப் பத்தரை மணி, தண்ணிக்கு மேல கானல் ஏறி எல்லா வாத்தும் காய்ச்சல் கண்டது மாதிரி நடுங்குது. உடனே உனக்குக் கோவம் வந்து டிஜிட்டல் ஜூமைத் திறந்திருக்க. அது என்னன்னு தெரியுமாடே? லென்ஸ் இழுக்கறதை நிறுத்தின பொறவு, நடுவுல உள்ள கொஞ்சப் படத்தை வெட்டி ஊதிப் பெருசாக்குத வேலை. இருக்கற ரெண்டு கரண்டி மாவுல ஒரு குடம் தண்ணியை ஊத்தி இருபது பேருக்குத் தோசை சுட்ட கதை. மெனுவுல போய் அதை அணைச்சுப் போடு. நான் அணைச்சுட்டேன். துடைக்கைல அணைஞ்சுட்டு.

மூலைக்கரைப்பட்டியில 34 வருசம் ஸ்டூடியோ வச்சவன் நான், உனக்கு அது ஞாபகம் இருக்காது. யாஷிகா காமிரா, ஒரு ரோலுக்கு 12 படம். பதிமூணாவது தடவை கண்ணைச் சிமிட்டினா மாப்பிள்ளை கண்ணை மூடினபடியே ஆல்பத்துல இருக்க வேண்டியதுதான். அந்தப் பிலிம்ல ஒரு படம் தீப்பெட்டியை விடப் பெருசு. உன் காமிராவுக்குள்ள வெளிச்சத்தை வாங்கிக்கறது எம்மாம் பெருசுன்னு நினைக்க? ஆறு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட அகலம், நாலரை மில்லிமீட்டர் உயரம். ஒரு குன்னிமுத்து. 35 மில்லி பிலிமோட ஒத்தைக் கட்டத்துல அந்த மாதிரி முப்பது குன்னிமுத்தைப் பரப்பி வைக்கலாம். அது சின்னதா இருக்கறதாலதான் இந்தப் பெரிய ஜூம் சட்டைப்பைக்குள்ள அடங்குது. இல்லாட்டி லென்சை மாட்டுவண்டியில ஏத்திக் கொண்டு வரணும்.

குன்னிமுத்துக்கு ராத்திரி பசி எடுக்காது, பகல்ல மட்டும்தான் சாப்பாடு. பத்தாததுக்கு லென்ஸ் நீள நீள அது வாங்குத வெளிச்சமும் குறையும். சுருங்கி இருக்கைல வர்ற வெளிச்சத்துல கால்வாசி கூட முழுசா நீண்ட பொறவு வராது. இது தெரியாம சாயங்காலம் ஆறரைக்குப் போய் ஆந்தைப் பொந்துல முழு ஜூம் வச்சிருக்க. காமிரா பாவம், இல்லாத வெளிச்சத்தை எங்க போய்க் கடன் வாங்கும்? ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏத்திக்கிட்டு, ஆந்தை மேல தவிட்டைத் தூவிக் குடுத்திருக்கு. உங்க அத்தை அதைப் பாத்துட்டு ‘சாக்கு நல்லாருக்கே’ன்னா. 800-க்கு மேல விடாத. அதுக்கு ஒரே வழி காலைல சீக்கிரம் எந்திரிக்கது. நீ எந்திரிச்சது எட்டே முக்கால். அதுக்குள்ள பஞ்சுருட்டான் ரெண்டு பந்தி சாப்பிட்டு எந்திரிச்சுட்டு.

பொறவு அந்தப் பிடி. ரெண்டு கையையும் முன்னால நீட்டி, சாமிக்குச் சூடம் காட்டுத மாதிரி காமிராவைப் பிடிக்கியே, அந்தப் பக்திக்கு அம்மன் இறங்கலாம், படம் இறங்காது. முழு ஜூம்ல கை ஒரு நூல் ஆடினா அங்கன பறவை கட்டத்தை விட்டே போயிரும். முழங்கையை விலாவோட ஒட்டு. கழுத்து வாரைப் பட்டம் விடுத நூல் மாதிரி விறைப்பா முன்னால இழுத்துப் பிடி. சுவரோ மரமோ கிடைச்சா சாஞ்சுக்க. உள்ள ஆட்டத்தைச் சமாளிக்க ஒரு ஏற்பாடு வச்சிருக்கான், அதனால ஒக்காந்திருக்கற பறவைக்கு நொடியில 250-ல ஒரு பங்கு போதும். பறக்கறதுன்னா ஆயிரத்துல ஒரு பங்காவது வேணும். ஆனா ஒக்காந்த பறவையே பாலிதீன் பையா இருக்கவனுக்குப் பறக்கறது எதுக்கு இப்போ?

உன் காமிராவுல கண்ணை வச்சுப் பாக்குத துவாரம் கிடையாது, பின்பக்கத்துத் திரைதான். மத்தியானம் வெயில்ல அதுல உன் மூஞ்சிதான் தெரியும். அதுக்காக நீ தலையில துண்டைப் போத்திக்கிட்டு வயக்காட்டுல குனிஞ்சு நின்ன பாரு, எனக்குப் பழைய கண்ணாடித் தகடு காமிராக் காலம் ஞாபகம் வந்துட்டு. நம்ம செம்மறியாடுகளுக்கு என்ன ஞாபகம் வந்துதோ, எல்லாம் மிரண்டு பக்கத்து உளுந்துக்குள்ள பாஞ்சுட்டு. அந்த வயக்காரன் இன்னும் என்கூடப் பேசல.

பறவையைத் தேடுதது ஒரு கலை. நீ முதல்லயே முழு ஜூமையும் இழுத்துட்டுப் பொறவு அங்கயும் இங்கயும் துழாவுத. கிணத்துல விழுந்த வாளிக்குப் பாதாளக்கரண்டி போட்டுத் தேடுத மாதிரி. முழு ஜூம்ல ரெண்டு டிகிரி அகலம்தான் தெரியும், அதுக்குள்ள வானம் வரும், இலை வரும், வானம் வரும், மறுபடியும் இலை. முதல்ல அகலமா வை. பறவை இருக்கற கொப்பை நடுவுல கொண்டு வா. பொறவு பைய இழு. நடுவுல தவறிட்டுன்னா ஓரத்துல ஒரு பித்தான் இருக்கு, அமுக்கினா சட்டுன்னு அகலமாகும், விட்டா பழையபடி இழுத்துக்கும். அந்தப் பித்தான் நீ வாங்கினதுல இருந்து அமுங்கினதே இல்ல, நான் அமுக்கறப்போ புதுக் கதவு மாதிரி கிரீச்சுன்னு இருந்துது.

உடைமரத்துல, கருவேலத்துல இருக்கற குருவின்னா இன்னொரு வம்பு. காமிரா முள்ளைப் பிடிச்சுக்கிட்டுக் குருவியை விட்டுரும். உன் படத்துல முள்ளு ஒவ்வொண்ணும் குத்துத மாதிரி தெளிவு, தேன்சிட்டு பின்னால புகை. போகஸ் கட்டத்தைச் சின்னதாக்கி நடுவுல நிறுத்திக்க. அரைவாசி அமுக்கி, அது பிடிச்சது முள்ளையா குருவியையான்னு பாத்துட்டு மீதியை அமுக்கு. கொக்கை எடுக்கைல வெளிச்சத்தை ஒரு புள்ளி குறை, இல்லாட்டி இறகு எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச சுவராப் போயிரும். கரண்டுக் கம்பியில வானத்துக்கு எதிரா இருக்கற கரிச்சானுக்கு ஒரு புள்ளி கூட்டு, இல்லாட்டி அடுப்புக்கரி.

இதெல்லாம் சொல்லைல நம்ம மா. கிருஷ்ணனை நினைச்சுக்கிடுதேன். 1912-ல திருநெல்வேலியில பிறந்தவர், பத்மாவதி சரித்திரம் எழுதின அ. மாதவையாவோட மகன். காட்டு யானையும் மானும் எடுத்தாரு, கறுப்பு வெள்ளையில. கையில வச்சிருந்தது ஒரு காமிராவோட உடம்பும் இன்னொண்ணோட லென்சுமா ஒட்டுப்போட்டுக் கட்டினது. அதுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு பட்டப்பேர் வேற. அவருகிட்ட யாராவது 125 மடங்கு இருந்தாத்தான் படம் வரும்னு சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பாரோ. அவரு கொஞ்சம் கோவக்காரர்னு கேள்வி.

இப்போ நான் கேலியை ஓரமா வச்சிட்டு ஒண்ணு கேக்கணும். மூணாம் நாள் எடுத்ததுல, மஞ்சமூக்கு நாரைக் கூட்டுக்கு நேர் கீழ நின்னு 22 படம் இருக்கு. எல்லாத்துலயும் நாரை பதறிப் பறக்குது. தானா பறக்கலை, நீ கையைத் தட்டியிருக்க. கூடப் போன பய சொல்லிட்டான். கூந்தன்குளத்து ஊர்க்காரங்க வீட்டு முத்தத்து வேம்புல நாரை கூடு கட்டினா, எச்சம் விழுந்து நாறினாலும் கொப்பை ஒடிக்காத ஆளுக. தீவாளிக்குப் பிள்ளைகளுக்கு வெடி வாங்கிக் குடுக்காத ஊர் அது. 1994-ல சர்க்கார் சரணாலயம்னு போர்டு வைக்கறதுக்கு ரொம்ப முந்தியே அவங்க வச்சுக்கிட்ட பழக்கம். உச்சி வெயில்ல தாய் நாரை றெக்கையை அரைவாசி விரிச்சு, குஞ்சு மேல நிழல் விழுத மாதிரி மணிக்கணக்கா நிக்கும் பாத்திருக்கியா? வாயைத் திறந்து இளைச்சுக்கிட்டே நிக்கும், நகராது. நீ கைதட்டினா அது பறந்துரும், குஞ்சு வெயில்ல கிடக்கும், காக்கா பக்கத்துக் கொப்புல தயாரா இருக்கும். இவ்வளவு நீள லென்ஸ் உனக்கு எதுக்குக் குடுத்திருக்கான்? தள்ளி நிக்கதுக்குத்தான்லே மூதி! அந்த 22-ஐயும் அழிச்சுட்டேன். வருத்தமா இருந்தா இரு.

சரி, விடு. உன் காமிரா மோசம்னு நான் சொல்லவே இல்லையே. தினப்படி வேலைக்கு அதை மாதிரி உதவி கிடையாது. முக்குல திரும்புத பஸ் நாங்குநேரி போறதா திருநெல்வேலி போறதான்னு, வேட்டியைச் சரி பண்ண நேரம் இருக்கைலயே போர்டைப் படிச்சிரலாம். தென்னையில எந்தக் குலை முத்தியிருக்குன்னு ஏறாமப் பாக்கலாம். மரமேறுதவன் ‘எல்லாம் பிஞ்சு அண்ணாச்சி’ன்னு சொன்னான், திரையைக் காட்டினேன், அன்னைக்கே ஏறிட்டான். அகலத்துல வச்சு ஒரு சென்டிமீட்டர் கிட்டப் போனா எறும்போட மீசை தெரியும். அதே அகலத்துல கல்யாண வீட்டுக் கும்பல் படம் எடுத்தா மட்டும் ஓரத்துல நிக்கறவங்களை நடுவுக்கு மாத்திரு. ஓரத்துல நின்ன உங்க சித்தி பரங்கிக்காய் மாதிரி வீங்கிட்டா, அதை நான்தான் எடுத்தேன்னு அவளுக்குத் தெரியாது.

பௌர்ணமிக்கு நிலாவை எடுத்தேன். முழு ஜூம்ல படத்தோட உயரத்துல மூணுல ஒரு பங்கு வருது. காமிராவோட போக்குல விட்டா வெறும் இட்லி. நிலா மேல விழுதது வெயில்தானே, பகல் மாதிரி வெளிச்சத்தைக் குறைச்சு வச்சா குழி குழியாத் தெரியும். உங்க அத்தை ரொம்ப நேரம் பாத்துட்டு, ‘பாட்டியைக் காணோமே’ன்னு மட்டும் கேட்டா.

இவ்வளவு பேசினவன் என்னத்தைக் கிழிச்சான்னு கேப்ப. நம்ம கிணத்து பம்புசெட்டுக் குழாய் மேல காலைல ஒரு மீங்கொத்தி வரும், மார்பு வெள்ளை, முதுகு நீலம். முதல் நாள் ஆறேகாலுக்குப் போய் நின்னேன். முப்பதடி தள்ளி வரைலயே கத்திக்கிட்டு ஓடிட்டு. மறுநாள் அது வர்றதுக்கு முந்தியே போய்த் தென்னை மூட்டுல ஒக்காந்துட்டேன், அதே சட்டை, அதே துண்டு. வந்துது, என்னைப் பாத்துது, போயிட்டு. மூணாம் நாள் என்னைப் பாத்துட்டு, இவன் கிழவன், இவனால ஒண்ணும் ஆகாதுன்னு முடிவு பண்ணி ஒக்காந்துட்டு. நான் எடுக்கலை. கருப்பட்டிக் காப்பியைக் குடிச்சிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். தலையை ரெண்டு தடவை மேலயும் கீழயும் ஆட்டும், வாலைச் சொடுக்கும், பொறவு அசையாது. அசையாத அந்த நேரம்தான் நம்ம நேரம்னு புரிஞ்சுது.

நாலாம் நாள் சூரியன் என் முதுகுப் பக்கம் வந்த பொறவு, வாயில ஒரு ஓணானோட வந்து ஒக்காந்துது. எட்டு மீட்டர் இருக்கும். படம் முழுக்க அதுதான். ஓணானைக் குழாயில டப்பு டப்புன்னு அடிக்கு, அடிக்கைல எடுத்தது எல்லாம் கலங்கிட்டு. அடிச்சு முடிச்சு ஒரு மூச்சு நிறுத்துச்சு பாரு, அப்போ ஒண்ணு விழுந்துது. அலகு செவப்பு, ஓணான் வால் தொங்குது, குழாய்த் துரு தெரியுது, மீங்கொத்திக் கண்ணுக்குள்ள ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிக்குள்ள இன்னும் பெருசாக்கிப் பாத்தா என் துண்டு தெரியும்னு நினைக்கேன். குன்னிமுத்துக்கு அவ்வளவு கண்ணு இல்ல, அது வேற விசயம். ஊர்ல எல்லார்கிட்டயும் காட்டியாச்சு. மூலைக்கரைப்பட்டியில பிரிண்டு போட்டு பட்டாசல்ல உங்க தாத்தா படத்துக்குப் பக்கத்துல மாட்டியாச்சு.

ஆக, சொல்ல வந்தது என்னன்னா, அட்டைப்பெட்டி இன்னும் கிடைக்கலை. தேடிக்கிட்டுதான் இருக்கேன். இதுக்கு நடுவுல ஒரு சின்னச் சிக்கல். உன் காமிரா ஒரு சார்ஜுக்கு இருநூத்தி அறுபது படம் போல எடுக்கும், நேத்து அதுவும் தீந்துட்டு. பேட்டரி தீந்த காமிராவைப் பார்சல்ல அனுப்பினா மரியாதையா இருக்காது. அதனால சனிக்கிழமை நம்ம மேலத்தெருக்காரர் மெட்ராஸ்ல இருந்து வர்றாரு, அவரு கையில அந்தச் சார்ஜரைக் குடுத்து விடு. மெமரி கார்டும் பெருசா ஒண்ணு இருந்தா வையி. கிணத்துப் பக்கம் பனங்காடை ஒண்ணு வந்து போகுது.

இப்படிக்கு,
மாமா